ஆல்ப்ஸ் மலையின் கழுத்துக் கழலையும் அயோடின் உப்பும்

சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில், குறிப்பாக ரோன் ஆறு பாயும் வாலே மாநிலத்திலும் பெர்ன் மாநிலத்தின் மேட்டு நிலங்களிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கழுத்தின் முன்புறம் புடைத்துத் தொங்கும் கழலை ஊர்தோறும் காணப்பட்டது. ரோமானியக் கவிஞர் ஜூவெனல் தம் காலத்திலேயே இதை எல்லோரும் அறிந்த செய்தியாகக் குறிப்பிடுகிறார். பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ், கழலை மிகுந்த ஊர்களிலேயே அறிவு வளராத, உடல் குறுகிய குழந்தைகளும் மிகுதியாகப் பிறப்பதைக் கவனித்தார். பாசல் நகர மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் 1602-இல் வெளியிட்ட நூலில் வாலேயில் தாம் கண்ட இத்தகையோரை விவரித்தார். குள்ளமான உடல், செவிட்டுத்தன்மை, தடுமாறும் நடை, வளராத அறிவு ஆகியவை சேர்ந்த அந்நிலையையே பிற்கால மருத்துவம் கிரிட்டினிசம் என்றது. நூற்றாண்டுக் கணக்கில் இம்மக்கள் பயணிகளின் வேடிக்கைப் பார்வைக்கு உள்ளானார்களே தவிர, அவர்களது துன்பத்துக்குக் காரணம் புலப்படவில்லை.

காரணம் கழுத்திலும் மண்ணிலும் ஒருங்கே இருந்தது. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலைத் தழுவி அமைந்திருக்கும் தைராய்டு, வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள ஒரு நாளமில்லாச் சுரப்பி. அதாவது, தான் சுரப்பதைக் குழாய் வழியாக ஓரிடத்துக்கு அனுப்பாமல் நேரே இரத்தத்தில் கலந்துவிடும் சுரப்பி. அவ்வாறு இரத்தத்தில் சென்று தொலைவிலுள்ள உறுப்புகளின் செயலை மாற்றும் வேதிப்பொருளே ஹார்மோன். தைராய்டின் முதன்மை ஹார்மோனாகிய தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. உடலின் வெப்பம், இதயத் துடிப்பின் வேகம், எலும்பின் வளர்ச்சி, கருவிலுள்ள குழந்தையின் மூளை உருவாகும் முறை ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்கு உண்டு. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து, தைராய்டைத் தூண்டும் வேறொரு ஹார்மோனை மிகுதியாக வெளியிடுகிறது. தைராக்சின் போதிய அளவை எட்டியதும் அத்தூண்டுதல் தானே தணிகிறது. உணவில் அயோடினே இல்லாதபோது தூண்டுதல் தணிய வழியில்லை. மூலப்பொருள் இன்றி, கிடைக்கும் சிறுதுளியையும் பிடித்துக்கொள்ளும் முயற்சியில் சுரப்பி ஆண்டுக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகிறது. கழுத்தில் தெரியும் கழலை இம்முயற்சியின் வடிவமே.

நாளொன்றுக்கு ஒருவருக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. எழுபது ஆண்டு வாழ்பவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் மொத்த அளவு நான்கு கிராமைக்கூட எட்டாது. இந்தச் சிறு அளவையும் ஆல்ப்ஸ் மண்ணால் தர இயலவில்லை. அயோடினின் பெருங்களஞ்சியம் கடல். அது காற்றிலும் மழையிலும் நிலத்துக்கு வந்து, மேல்மண்ணில் மெல்ல மெல்லச் சேர்கிறது. கடைசிப் பனியூழியில் ஆல்ப்ஸை மூடியிருந்த பனியாறுகள் அவ்வாறு சேர்ந்திருந்த பழைய மண்ணைச் சுரண்டிச் சென்றுவிட்டன. அதன்பின் உருவான இளமண்ணிலிருந்து உருகிய பனிநீரும் மழையும் எஞ்சியதையும் கரைத்துக்கொண்டு போயின. அம்மண்ணில் விளைந்த தானியத்தையும் அதில் மேய்ந்த மாட்டின் பாலையும் மட்டுமே உண்டு வாழ்ந்தவர்கள், கடல்மீனைக் காணாத தலைமுறைகளாக அக்குறையைச் சுமந்தனர்.

மருந்து, காரணம் தெரிவதற்கு முன்பே கைக்கு வந்தது. 1811-இல் பிரான்சில் வெடியுப்புத் தயாரிக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த பெர்னார் கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலம் மிகுந்துபோனபோது எழுந்த ஊதா நிற ஆவியைக் கவனித்தார். அதுவே அயோடின் என்னும் புதிய தனிமம் எனப் பின்னர் உறுதியாயிற்று. கடற்பஞ்சைச் சுட்ட சாம்பலைக் கழலைக்குத் தருவது ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் வழங்கிவந்த வைத்தியம். அந்தச் சாம்பலில் வேலை செய்வது அயோடினாகவே இருக்க வேண்டும் என்று ஊகித்த ஜெனிவா மருத்துவர் ழான்-பிரான்சுவா குவாந்தே, அயோடினைச் சாராயத்தில் கரைத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, கழலைகள் சுருங்குவதைக் கண்டு, 1820-இல் தம் முடிவை அறிவித்தார். ஊகம் முற்றிலும் சரியானது. ஆயினும், அன்று தரப்பட்ட அளவு உடலின் அன்றாடத் தேவையைப் போலப் பல நூறு மடங்காக இருந்தது. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் மக்கள் தாமாகவே வாங்கிப் பருகியதும் சேர்ந்துகொள்ள, உடல் மெலிவு, படபடப்பு, கைநடுக்கம் ஆகியவற்றோடு பலர் அவதியுற்றனர். அயோடின் நஞ்சு என்னும் பேச்சு பரவியது.

அந்த அவதிக்கான விளக்கம் இன்று தெளிவாகத் தெரிகிறது. நெடுங்காலம் அயோடின் இன்றிப் பெருத்த சுரப்பியில், பிட்யூட்டரியின் கட்டுப்பாட்டை மீறித் தன்னிச்சையாக இயங்கும் கணுக்கள் தோன்றிவிடுகின்றன. திடீரென மூலப்பொருள் வெள்ளமாக வந்தால், தூண்டுதல் நின்றபின்னும் அக்கணுக்கள் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். குவாந்தேயின் காலத்தவர் அயோடினை, வீக்கத்தைக் கரைக்கும் வலிய மருந்தாகவே கருதினர். மருந்தென்றால் வீக்கத்தின் பருமனுக்கேற்ப அளவும் மிக வேண்டும் என்பதே அவர்களது கணக்கு. அது உணவின் ஒரு பகுதி, சுரப்பியின் கட்டுமானப் பொருள் என்னும் எண்ணம் தோன்றாதவரை அளவைக் குறைத்துப் பார்க்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சு வேதியியலர் பூசங்கோ, 1830-களிலேயே அயோடின் இயற்கையாகக் கலந்த உப்பை உண்ணும் ஊர்களில் கழலை இல்லை என்பதைக் கவனித்து அவ்வுப்பைப் பரிந்துரைத்தார். பாரிஸின் அடோல்ஃப் ஷாத்தேன் 1850-களில் நீரையும் மண்ணையும் ஆராய்ந்து குறையை அளந்தே காட்டினார். இரண்டும் ஏற்கப்படவில்லை. மருத்துவ வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் காலவிரயங்களுள் இதையும் சேர்க்கலாம். அந்த இடைவெளியில் பிறந்த குழந்தைகளின் இழப்பை ஈடுசெய்ய எதனாலும் முடியாது.

சுரப்பியின் பணி என்ன என்பதை அறுவை மருத்துவம், தான் விரும்பாத வழியில் கற்றுத்தந்தது. 1872-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவைத் துறைப் பேராசிரியரான தியோடர் கோகர், குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டிப் பொறுமையுடன் அறுக்கும் தம் முறையால், அதுவரை உயிருக்கு ஆபத்தாக இருந்த கழலை அறுவையைப் பாதுகாப்பானதாக மாற்றினார். தைராய்டால் பெரிதாகப் பயன் ஏதுமில்லை என்று நம்பப்பட்ட காலமாதலால், சிலருக்கு அவர் சுரப்பியை முழுவதுமாகவே அகற்றினார். 1882-இல் ஜெனிவாவின் ழாக்-லூயி ரெவெர்தன், அவ்வாறு அகற்றப்பட்டோர் பின்னர் சோர்ந்து முகம் ஊதிப்போவதைத் தெரிவித்தார். கோகர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். முழு நீக்கத்துக்கு உள்ளானோருள் மறுபரிசோதனைக்கு வந்த 18 பேரில் 16 பேர் மந்தமான பேச்சும் தடித்த தோலும் குளிர் தாங்காத உடலுமாக மாறியிருந்தனர். 1874-இல் பதினொரு வயதில் அறுவைக்கு உள்ளான ஒரு சிறுமியின் தங்கை வளர்ந்து பெண்ணாகி நிற்க, அக்காளோ குள்ளமாக, கிரிட்டினிசம் கண்டவர்களைப் போன்ற தோற்றத்தோடு இருந்தாள். கோகர் இதை மறைக்கவில்லை. 1883-இல் பெர்லினில் கூடிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாநாட்டில் தம் நோயாளிகளின் நிலையை வெளிப்படையாக எடுத்துரைத்து, அதன்பின் சுரப்பியின் ஒரு பகுதியை விட்டுவைப்பதை விதியாகக் கொண்டார். 1909-இல் அவருக்கு அளிக்கப்பட்ட நோபல் பரிசு, தைராய்டின் உடலியல், நோயியல், அறுவை ஆகியவற்றுக்கானது என்றாலும், அவரது பெருமை அந்த 1883-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே அதிகம் தங்கியுள்ளது எனலாம்; ஒரு நாளமில்லாச் சுரப்பியை இழந்தால் முழு உடலும் மனமும் எவ்வாறு தேய்கின்றன என்பதற்கு அதுவரை அவ்வளவு தெளிவான சான்று கிடைத்ததில்லை.

அதன்பின் அறிவு விரைந்து பெருகியது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தி, மிக்ஸிடிமா எனப்படும் தைராய்டுக் குறைநோய் கண்ட ஒரு பெண்ணுக்கு நலம் மீட்டார். 1895-இல் ஃப்ரைபுர்க் நகரின் ஆய்கன் பவுமன், தைராய்டுக்குள் அயோடின் இருப்பதைக் கண்டறிந்தார். 1914-இல் அமெரிக்காவின் எட்வர்டு கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

இவ்வளவு தெரிந்தபின்னும் கழலைக்குக் காரணம் குடிநீரிலுள்ள கிருமியே என்னும் கருத்து வலுவாக நீடித்தது. இமயமலைப் பகுதியின் கில்கிட்டில் ஆய்ந்த ராபர்ட் மெக்கரிசன், ஓடையின் வழியே கீழே செல்லச்செல்லக் கழலை மிகுவதைக் கண்டு, அழுக்கு நீரின் வண்டலைத் தாமும் பருகி, பிறரையும் பருகச் செய்து, அக்கருத்தை ஆதரித்தார். பிற்காலத்தில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை வளர்த்தெடுத்தவரும் இவரே. உணவுக் குறையால் வரும் நோய்களின் ஆய்வில் பெயர் பெற்ற ஒருவரே கழலையைக் கிருமியில் தேடினார் என்பது, அன்றைய மருத்துவத்தைக் கிருமிக் கொள்கை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இழுபறியை முடித்துவைத்தவர்கள் பெரும் பேராசிரியர்களல்லர். மூன்று ஊர் மருத்துவர்கள். சூரிச்சை அடுத்த அட்லிஸ்வில்லின் ஹைன்ரிச் ஹுன்ட்சிகர், கழலை என்பது அயோடின் குறைந்த உணவுக்குச் சுரப்பி தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் முறை என்று 1915-இல் எழுதி, தேவைப்படும் அளவு மைக்ரோகிராம் கணக்கிலேயே இருக்கும் என வாதிட்டார். வாலேயின் ஓட்டோ பையார்ட், 1918-இல் கிரேக்கன் என்னும் மலைக்கிராமத்துக் குடும்பங்களுக்கு வெவ்வேறு சிறு அளவுகளில் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பைக் கொடுத்து, கழலை குறைவதையும் தீங்கு நேராததையும் கண்டார். ஆப்பென்செல் ஆவுசர்ரோடன் மாநிலத்து ஹெரிசாவ் மருத்துவமனையின் ஹன்ஸ் எக்கென்பெர்கர், ஊர்மக்களிடையே சொற்பொழிவாற்றி, அவர்களது ஆதரவைத் திரட்டி மனுக் கொடுக்கச் செய்தார்; 1922-இன் தொடக்கத்தில் அம்மாநிலம் அயோடின் உப்பின் விற்பனைக்கு முதன்முதலாக ஒப்புதல் தந்தது. அதே ஆண்டில் அமைந்த சுவிஸ் கழலை ஆணையம், பிற மாநிலங்களுக்கும் அதைப் பரிந்துரைத்தது.

உப்பு இங்கே தேர்வானதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஏழையும் செல்வரும் ஏறக்குறைய ஒரே அளவில் அன்றாடம் உண்பது அது. மேலும், சுவிட்சர்லாந்தில் உப்பு விற்பனை மாநில அரசுகளின் தனியுரிமையாக இருந்ததால், ஒப்புதல் கிடைத்த மாநிலத்தில் வீடுதோறும் அதைக் கொண்டுசேர்க்கத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவெடுக்க வேண்டியிருந்ததே இதன் மறுபக்கம். கழலையை நீர், நிலவியல் காரணங்களோடு தொடர்புபடுத்திய குடும்ப மரபில் வந்த அறுவை மருத்துவர் ஆய்கன் பிர்கர், அயோடின் உப்பால் படபடப்பு நோய் பரவும் என்று கடுமையாக எதிர்த்தார். அவரது செல்வாக்கு மிகுந்த ஆர்காவ் மாநிலம் 1950-களில்தான் இணங்கியது. குவாந்தேயின் நோயாளிகள் பட்ட அவதி மருத்துவர் நினைவில் நிலைத்திருந்ததால், அந்த அச்சத்தை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிட முடியாது.

தொடக்கத்தில் கலக்கப்பட்டது ஒரு கிலோ உப்புக்கு 3.75 மில்லிகிராம் அயோடின் மட்டுமே. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு அதனால் 40 மைக்ரோகிராம்கூடக் கிடைத்திராது. அவ்வளவே, உப்பு சென்ற ஊர்களில் கழலையோடு பிறக்கும் குழந்தைகளை அரிதாக்கப் போதுமாக இருந்தது. கிரிட்டினிசம் கண்ட குழந்தைகளின் பிறப்பு சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. ஆயினும் பள்ளிச் சிறாரின் கழுத்து வீக்கம் முழுமையாக மறையாததால், கலவையின் அளவு 1962-இல் 7.5 மில்லிகிராமாகவும், 1980-இல் 15 மில்லிகிராமாகவும் உயர்த்தப்பட்டது. 1998-இல் 20 மில்லிகிராமாகவும், 2014-இல் 25 மில்லிகிராமாகவும் உயர்த்தப்பட்டது, கருவுற்ற பெண்களின் தேவையையும் எண்ணியே. தாயின் தைராக்சினை நம்பியே கருவின் மூளை தன் முதல் மாதங்களில் வளர்வதால், அக்காலத்தில் தாய்க்கு வேண்டிய அயோடின் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் எனக் கணக்கிடப்படுகிறது. அந்நாட்டு மண்ணில் அயோடின் இன்றும் குறைவுதான்.