உப்பளத்துப் பெண் 0.8 ஆளா?

மரக்காணம் என்றதும் நம் தோழர்களுக்கு 2013 ஏப்ரலில் கட்டையன் தெருவில் எரிந்த வீடுகள்தான் நினைவுக்கு வரும். கழுவெளியை ஒட்டிய அதே ஊர் உப்பளங்களின் கூலியைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததைப் பள்ளியில் படித்தோம். அது உப்பு வரிக்கு எதிரான நடை. உப்பை வாரியவர் வாங்கிய கூலி எவ்வளவு என்று எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லவில்லை.

கூலிக்குச் சட்டம் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது, 1946-ல் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948-ல் அது சட்டமானது. அரசமைப்பின் 43ஆவது உறுப்பு இன்னும் மேலே போய், வாழ்வதற்கேற்ற கூலி என்கிறது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடுதான். அதை வைத்து வழக்குப் போட்டு வாங்க முடியாது.

வாழ எவ்வளவு வேண்டும்? 1957-ல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்குச் சொன்னது. ஒரு குடும்பம் மூன்று நுகர்வு அலகு. அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக 25 விழுக்காட்டை 1991-ல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்த்தது.

அந்த மூன்று அலகை வழக்கமாக இப்படிப் பிரிக்கிறார்கள்: ஆண் 1, மனைவி 0.8, பிள்ளைகள் தலைக்கு 0.6. மனைவியின் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் மாநாடு சொன்னது. ஒருவர் கூலியிலேயே குடும்பம் பிழைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் விடியுமுன் பாத்தியில் இறங்கி, ஈர உப்பைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வரப்பில் கொட்டுகிற பெண்ணுக்கு 0.8 வயிறு என்று யார் அளந்தது?

இதைவிடப் பெரிய ஓட்டை மழையில் இருக்கிறது. நகரத்து ஆலைக்கு நாள் கூலியை 26-ஆல் பெருக்கினால் மாதச் சம்பளம் வந்துவிடும். உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தி கரைந்துபோகும், கூலியும் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்தக் காலத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் 5,000 ரூபாய் நிவாரணம் தொடங்கியது. வரவேற்கிறோம். 92 நாளுக்கு வகுத்தால் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 54 ரூபாய்.

ஆகவே கூலி நிர்ணயக் குழுவிடம் நாம் கேட்க வேண்டியது இது: குடும்பத்தின் ஆண்டுச் செலவை எடுங்கள், உப்பளத்தில் உண்மையாக வேலை கிடைக்கும் நாட்களால் வகுங்கள். வருவதே நாள் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும்.