பீப்ஸின் ஞாயிற்றுக்கிழமை

ஆனந்தரங்கம் பிள்ளையை அறிமுகப்படுத்துபவர்கள் அவரை 'இந்தியாவின் பெப்பீஸ்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பிள்ளை யார் என்பது நமக்கு ஓரளவு தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு கம்பெனியின் துபாஷி, டூப்ளேவின் வலது கை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். ஆனால் அவரை யாரோடு ஒப்பிடுகிறோமோ அந்த ஆளு யார்? ஏன் அவர் பெயர் நாட்குறிப்புக்கே அடைமொழி ஆனது?

சாமுவேல் பீப்ஸ் என்பதுதான் சரியான உச்சரிப்பு. 1633இல் லண்டனில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தவர். 1660 ஜனவரி 1 அன்று நாட்குறிப்பைத் தொடங்கி 1669 மே 31 அன்று நிறுத்தினார். இந்த ஒன்பதரை ஆண்டுகளில் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். கொள்ளைநோய், லண்டனை எரித்த பெருந்தீ, டச்சுக்காரர்களுடன் போர் எல்லாம் அதில் உண்டு. வரலாற்றாசிரியர்கள் அவற்றுக்காக வாசிக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது வேறொன்று. வேலைக்குப் போய், வேலைக்காக ஊர் சுற்றி, கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் எங்காவது போய்வந்து, அதற்கெல்லாம் கணக்கும் எழுதிவைத்த ஒரு மனிதனின் முழுப் பதிவு அது. நம்ம வாழ்க்கைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது.

1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னனை நாடு திரும்ப அழைத்துவரக் கப்பல்கள் ஹாலந்துக்குப் போயின. அந்தக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் மாண்டகு பீப்ஸுக்குச் சொந்தக்காரர். அவருடைய செயலாளராகப் பீப்ஸும் போனார். மன்னன் ஏறிய கப்பலுக்கு 'ராயல் சார்லஸ்' என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பயணத்தின் பலனாகக் கடற்படை வாரியத்தில் பீப்ஸுக்கு எழுத்தர் பதவி கிடைத்தது. எழுத்தர் என்றால் குமாஸ்தா என்று நினைக்க வேண்டாம், பெரிய பதவி. ஆண்டுக்கு 350 பவுண்ட் சம்பளம், சீத்திங் லேனில் அலுவலகத்தோடு ஒட்டிய வீடு.

சிபாரிசில் வந்த ஆளுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவருக்கே தெரிந்திருந்தது. மரத்தை அளக்கத் தெரியாதவனை வியாபாரிகள் ஏமாற்றிவிடுவார்கள். ஆகவே 1662 ஜூலையில், தன் 29ஆவது வயதில், கேம்பிரிட்ஜ் பட்டதாரியான பீப்ஸ் பெருக்கல் வாய்ப்பாடு படிக்க ஆரம்பித்தார். அதே ராயல் சார்லஸ் கப்பலில் வேலை பார்த்த கூப்பர் என்ற மாலுமிதான் வாத்தியார். விடியற்காலையில் எழுந்து மனப்பாடம் செய்தார். கேம்பிரிட்ஜில் லத்தீன் சொல்லிக்கொடுத்தார்கள், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலை என்றால் பாதி நாள் பயணம்தான். டெப்ட்ஃபோர்டு, வுல்விச் கப்பல்துறைகளுக்குத் தேம்ஸ் நதியில் படகில் போக வேண்டும். இன்று ஆட்டோ பிடிப்பதுபோல அன்று படித்துறையில் படகு பிடிப்பார்கள். நகரத்தில் ஆற்றைக் கடக்க இருந்தது ஒரே பாலம். அதன் குறுகிய வளைவுகளுக்கு அடியில் நீர் மூர்க்கமாகப் பாயும். பயந்தவர்கள் பாலத்துக்கு முன்னால் இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி படகேறுவார்கள். இன்னும் தொலைவில் இருந்த சாத்தமுக்குப் போனால் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். படகில் போகும்போது பீப்ஸ் புத்தகம் படிப்பார், பாட்டு முணுமுணுப்பார், உடன் வருபவரிடம் வம்பு கேட்பார்.

1665 மே மாதம் அவர் கைக்கு ஒரு கடிகாரம் வந்தது. அன்று பிற்பகல் முழுக்க வண்டியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நூறு முறை மணி பார்த்ததாக எழுதுகிறார். இது இல்லாமல் இத்தனை நாள் எப்படி இருந்தேன் என்று கேட்டுக்கொள்கிறார். முன்பு ஒன்று வைத்திருந்து, அது தொல்லை என்று கண்டு, இனி வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்ததையும் நினைத்துக்கொள்கிறார். புதுக் கைபேசி வாங்கிய முதல் வாரம் நமக்கு நினைவு வரலாம்.

வேலை கெட்டுப்போகிறது என்று நாடகத்துக்கும் மதுவுக்கும் தடை போட்டுச் சத்தியம் செய்துகொள்வார். மீறினால் ஏழைகளுக்கான உண்டியலில் அபராதம் போட வேண்டும். மீறுவார், போடுவார், மறுபடி சத்தியம் செய்வார். லஞ்சமும் வாங்கினார். ஒரு கேப்டன் கொடுத்த கடித உறையைப் பிரித்தபோது, பணம் முழுவதும் வெளியே விழும்வரை உள்ளே பார்க்கவில்லை. நாளை யாராவது விசாரித்தால், காகிதத்துக்குள் பணத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? சங்கதியை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இதையெல்லாம் எழுதத் துணிந்ததற்குக் காரணம், அவர் எழுதியது சுருக்கெழுத்தில். சும்மா புரட்டுகிறவர்களுக்குப் புரியாது. 1819இல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் அதைப் படித்தறிய மூன்று ஆண்டுகள் பாடுபட்டார். அந்தச் சுருக்கெழுத்துக்கான கையேடு பீப்ஸின் அதே நூலகத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது.

வீட்டில் இன்னொருவரும் எழுதினார். மனைவி எலிசபெத். கல்யாணத்தின்போது அவளுக்கு வயது பதினான்கு. கணவன் காலையில் போய் ராத்திரி வருவான், குழந்தைகள் கிடையாது, பேச்சுத் துணைக்கு ஒரு பெண்ணை அமர்த்துங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை. 1663 ஜனவரி 9 அன்று, தன் தனிமையைப் பற்றி எழுதிவைத்திருந்த காகிதத்தை எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்டினாள். பீப்ஸ் கேட்டார். பெரும்பாலும் உண்மைதான் என்று அன்று ராத்திரி நாட்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடுவார்கள். கிழித்துப் போடச் சொன்னார், அவள் மறுத்தாள். பிடுங்கினார். அவளுடைய மற்ற காகிதங்களையும் எடுத்து, தான் முன்பு எழுதிய காதல் கடிதங்கள் உட்பட, அவள் கண்ணெதிரே கிழித்தார். அவள் அழுதாள்.

பத்து லட்சம் சொற்கள் எழுதியவர் வீட்டில் அவள் எழுதிய ஒரு தாள் தங்கவில்லை. அவள் என்ன எழுதினாள் என்பது கிழித்தவரின் குறிப்பிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. அதையும் சேர்த்துத்தான் இந்த நாட்குறிப்பை வாசிக்க வேண்டியிருக்கிறது.

அலுவலகத்துக்கு வெளியேயும் இப்படி ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. டச்சுப் போரில் அரசிடம் பணம் இல்லை. மாலுமிகளுக்குக் கூலிக்குப் பதிலாகச் சீட்டு கொடுத்தார்கள். பின்னொரு நாள் பணமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அந்த நாள் எளிதில் வரவில்லை, சீட்டை வட்டிக்காரனிடம் குறைந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. 1666 ஜூலை 10 அன்று அலுவலக முற்றத்தில் முந்நூறு பெண்களுக்கு மேல் திரண்டதாகப் பீப்ஸ் எழுதுகிறார். ஹாலந்தில் சிறைப்பட்ட கணவன்மாருக்காகப் பணம் கேட்டு வந்தவர்கள். கத்தினார்கள், சபித்தார்கள். அன்று பீப்ஸ் வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு மான்கறி வைத்த பணியாரம் ஒன்று இருந்தது. அதைச் சுட்டுவரச் சமையற்கடைக்கு அனுப்ப வேண்டும், வழியில் இந்தப் பெண்கள் பிடுங்கிக்கொண்டால்? கணவனும் மனைவியும் அதை நினைத்துப் பயந்தார்கள். பணியாரம் பத்திரமாகப் போய்வந்தது. அந்தப் பெண்களைப் பார்த்துப் பரிதாபமும் பட்டார், அவர்களில் ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்சம் காசும் கொடுத்தார்.

மறு ஆண்டு ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் நுழைந்து, சாத்தமில் நின்ற ஆங்கிலக் கப்பல்களை எரித்தன. ராயல் சார்லஸைக் கட்டியிழுத்துக்கொண்டு போயின. மன்னனைக் கூட்டிவந்த கப்பல், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவரின் கப்பல். அதன் பின்புறச் சிற்பத்தை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். டச்சுக் கப்பல்களிலிருந்து ஆங்கிலத்தில் குரல்கள் கேட்டனவாம்: அன்று சீட்டுக்குச் சண்டை போட்டோம், இன்று காசுக்குப் போடுகிறோம் என்று. பீப்ஸ் தன் தங்கத்தையெல்லாம் மனைவியிடமும் அப்பாவிடமும் கொடுத்துக் கிராமத்துக்கு அனுப்பி, தோட்டத்தில் புதைக்கச் செய்தார்.

இது நடந்து ஒரே மாதத்தில் அவர்கள் எப்சமுக்கு உல்லாசப் பயணம் போனார்கள்.

1667 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து சுமார் 15 மைல். நான்கு மணிக்கு முன்பே எழுந்தாயிற்று. துணைக்கு வரும் திருமதி டர்னர் வந்து காத்திருக்கிறார். எலிசபெத் அலங்காரம் முடித்து இறங்கிவர ஐந்து தாண்டிவிட்டது, பீப்ஸுக்கு எரிச்சல். நான்கு குதிரை பூட்டிய வாடகை வண்டி, மதுப் புட்டிகள், பீர், ஆறிய கோழிக்கறி. எட்டு மணிக்கு எப்சம் ஊற்று. அந்தத் தண்ணீர் பேதிக்கு நல்லது என்று பெயர், எப்சம் உப்பு என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பெண்கள் தொடவில்லை, பீப்ஸ் மட்டும் நான்கு பைண்ட் குடித்தார். விடுதியில் அறை எடுத்தார்கள். பக்கத்து வீட்டில் நடிகை நெல் க்வின் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டார். மாதா கோவில் பிரசங்கம், சாப்பாடு, நல்ல தூக்கம். பிறகு காட்டில் நடந்து வழி தவறி, ஒரு மேட்டிலிருந்து குதித்து வலது காலைச் சுளுக்கிக்கொண்டார்.

புல்வெளிக்கு வந்தால் அங்கே ஒரு இடையர். மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் அவருடைய சின்னப் பையன் அவருக்குப் பைபிள் வாசித்துக்கொண்டிருக்கிறான். பீப்ஸ் தனக்கும் வாசிக்கச் சொன்னார். குழந்தைகளுக்கே உரிய அந்த இழுவைக் குரலில் பையன் வாசித்தான். அவனுக்குக் காசு கொடுத்துவிட்டு அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார். இரண்டு நிறம் கலந்த கம்பளிக் காலுறை, முன்னும் பின்னும் இரும்பு அடித்த செருப்பு. ஏன் இப்படி என்று கேட்டார். இங்கெல்லாம் ஒரே கல்லு, இதைப் போட்டு நடந்தால் கல்லு பாட்டுப் பாடிக்கொண்டு பறக்கும் என்கிற பொருளில் இடையர் சொல்லியிருக்கிறார். 360 ஆடுகள், வருஷம் முழுக்க வாரம் நான்கு ஷில்லிங் கூலி.

20 ஷில்லிங் ஒரு பவுண்ட். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 10 பவுண்ட் 8 ஷில்லிங். பீப்ஸின் வெறும் சம்பளமே அதைப்போல 33 மடங்கு. மேல்வரும்படி தனி. பீப்ஸ் அந்தக் கணக்கைப் போடவில்லை. பழைய ஏற்பாட்டுக் காலத்து முதுபெரும் தந்தையரைக் கண்டதுபோல இருந்தது, இரண்டு மூன்று நாளைக்கு மனதிலேயே நின்றது என்று மட்டும் எழுதுகிறார். முற்றத்தில் சபித்த பெண்களிடமிருந்தும் மெட்வேயின் புகையிலிருந்தும் வந்த மனிதனுக்கு, எதற்காகவும் தன்னிடம் மனுக் கொடுக்காத ஒரு ஏழையைப் பார்த்தது அமைதியாக இருந்திருக்கும். அந்த அமைதியில் போலித்தனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஊருக்குள் இருந்த ஏழைகளைப் பார்த்து இப்படி நெகிழ அவரால் முடிந்ததில்லை. அவர்களுக்கு அவர் கடன்பட்டிருந்தார்.

மாலை ஏழு மணிக்குத் திரும்பினார்கள். வழியில் ஒரு யோசனை வருகிறது. கிராமத்தில் வீடு வாங்கக் கூடாது, சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும். சனிக்கிழமை மனைவியோடு கிளம்பி இந்த வாரம் ஓர் ஊர், அடுத்து வேறோர் ஊர். செலவும் குறைவு, தொல்லையும் இல்லை. சனி, ஞாயிறு விடுமுறை என்பது இங்கிலாந்துத் தொழிலாளர்களுக்குக் கிடைக்க இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1850ஆம் ஆண்டுச் சட்டம்தான் நெசவாலைகளில் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலையை நிறுத்தச் சொன்னது, அதுவும் பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் மட்டும். பீப்ஸ் அந்த ஆசையை முன்கூட்டியே பட்டுவிட்டார். இருட்டியபோது சாலையோரத்தில் மின்மினிகள் ஒளிர்ந்தன. கால் வலித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு வண்டி வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில், எலிசபெத் கடைசியில் கேட்டுப் பெற்ற துணைப் பெண் டெப் வில்லட்டைப் பீப்ஸ் அணைத்துக்கொண்டிருந்ததை எலிசபெத் பார்த்துவிட்டாள். அதற்கு முன்பே, டெப்ட்ஃபோர்டு வேலைப் பயணங்களில் ஒரு கப்பல் தச்சரின் மனைவியை, கணவனுக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று வந்தவளை, அவர் பயன்படுத்திக்கொண்டதும் நாட்குறிப்பில் இருக்கிறது. டெப் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டாள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதி எழுதிக் கண் போய்விடும் என்று பயந்து 1669 மே 31 அன்று நாட்குறிப்பை நிறுத்தினார். தன்னையே குழிக்குள் இறக்குவதுபோல இருக்கிறது என்று எழுதி முடித்தார். பிறகு மனைவியோடு பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் நீண்ட விடுமுறைப் பயணம். வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து போன பெரிய பயணம் அதுதான். திரும்பி வரும்போது எலிசபெத்துக்குக் காய்ச்சல் கண்டது. நவம்பர் 10 அன்று இறந்துபோனாள். வயது 29.

பீப்ஸுக்குக் கண் போகவில்லை. 1703 வரை, இன்னும் 34 ஆண்டுகள் இருந்தார். கடற்படையைச் சீர்படுத்திய பெரிய நிர்வாகி என்று பெயர் எடுத்தார். அப்படியொரு நாட்குறிப்பை அவர் மறுபடி எழுதவில்லை. ஆகையால் அந்தக் கடைசிப் பயணத்தில் எலிசபெத் எந்த ஊரில் எதைப் பார்த்து நின்றாள், எந்தக் காலையில் கிளம்பத் தாமதம் செய்தாள் என்பது நமக்குக் கிடைக்காது. எப்சமுக்குப் போன நாளில், அவள் அலங்காரம் முடிய ஐந்து மணி தாண்டிவிட்டது என்பது மட்டும் நமக்குத் தெரியும்.