யாப்புச் சொற்கள்: பேராக் தோட்டத் தமிழ்வழி

செய்யுளின் உறுப்புகளைப் பிரித்தறிய உதவும் பெயர்களே யாப்புச் சொற்கள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறாக இவற்றை வரிசைப்படுத்துவது அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை. தொல்காப்பியச் செய்யுளியலோ 34 உறுப்புகள் சொல்லும். மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவருக்கு இவை பெரும்பாலும் மனப்பாடச் சுமை. பேராக் மாநிலத்தின் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டார மாணவருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. பேராக்கின் குவாலா கங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு பெருகிய தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) புழங்கிய சொற்களே போதிய எடுத்துக்காட்டு.

ஒரு குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேரசை. குறிலிணையோ குறில்நெடிலோ அவ்வாறு வந்தால் நிரையசை. அசைகள் சேர்ந்தது சீர். ‘மங்கு’ (பால் வடியும் கிண்ணம்) நேர்நேர், தேமா. விடியுமுன் ஆளெடுக்கும் ‘பிரட்டு’ நிரைநேர், புளிமா. ‘பால்மரம்’ நேர்நிரை, கூவிளம். ‘ஒட்டுப்பால்’ (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) நேர்நேர்நேர், தேமாங்காய்.

தொடைகளில் குழப்பம் மிகுவது எதுகையிலும் இயைபிலும்தான். முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை: மங்கு, பங்கு. ‘பிரட்டு’, ‘வெட்டு’ (பால் எடுக்க மரம் சீவுதல்) இரண்டும் காதுக்கு ஒத்தாலும் இரண்டாம் எழுத்து வேறு; எதுகை ஆகாது. இப்படி இறுதி ஒத்த சொற்கள் அடியிறுதியில் வந்தால் அது இயைபு. முதலெழுத்து ஒன்றுவது மோனை: மரம், மங்கு. மகரத்துக்கு வகரம் இனம் என்பதால் ‘மங்கு’, ‘வாளி’ என்பனவும் மோனையே. வெயிலும் மழையும் எதிரெதிர் நின்றால் முரண். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்பதை அறிந்தவருக்கு அந்த முரணின் கனத்தைத் தனியாக விளக்க வேண்டாம்.

சீரும் சீரும் இணையும் முறையான தளையை மட்டும் தோட்டப் பாடல்களில் தேடுவது வீண். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வாயில் பிறந்தவை. குறைந்த சீரைப் பாடுபவர் இழுத்து நிரப்புவார், மிகுந்ததை விழுங்குவார். அவற்றை அலகிட்டுப் ‘பிழை’ காண்பது, என் கருத்தில், பாடத்தையே தவறாகப் புரிந்துகொள்வது.

புதுக்கவிதைக்கு வேறு சொற்கள் வேண்டும்: படிமம், குறியீடு, தொனி. மலேசியாவின் முதல் புதுக்கவிதையாகப் பலரும் குறிப்பிடுவது, 1964-இல் வெளிவந்த சி. கமலநாதனின் ‘கள்ளபார்ட்’.