கிணத்தைத் திறக்கச் சொன்ன தீர்மானம்

1/ வேப்பம்பட்டுல என் கிளினிக்குக்கு யாராவது வாந்தி, வயித்துப்போக்குன்னு வந்தா நான் முதல்ல கேட்கிறது: "தண்ணி எங்கேருந்து பிடிக்கிறீங்க?" போர் தண்ணி, கேன் தண்ணி, தெருக்குழாய்னு பதில் வரும். 100 வருஷம் முன்னாடி இதே கேள்விக்கு இன்னொரு பதிலும் இருந்தது: "ஊர்க் கிணத்துல எங்களை எடுக்க விடமாட்டாங்க."

அதை எதிர்த்துச் சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தவர் கதை இது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ இரட்டைமலை சீனிவாசன். 1859ல் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்துல பிறந்தார். படித்தது கோயம்புத்தூரில். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்ற பையன்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததை, 1939ல் வெளிவந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

3/ முதல் வேலை, நீலகிரியில் வெள்ளைக்காரர் நிறுவனங்களில் கணக்கர். 1890ல் சென்னைக்கு வந்தார். 1893ல் பத்திரிகையாசிரியர் ஆனார். எந்தப் பேரைச் சொல்லி இழிவு பண்ணாங்களோ, அதையே பத்திரிகைக்கு வச்சார்: 'பறையன்'. ஏழு வருஷம் நடத்தினார்.

4/ அதே 1893ல் இன்னொரு காரியமும் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தணும்னு காங்கிரஸ் கேட்டது. "அப்படி நடத்தினா அதிகாரம் எல்லாம் மேல்சாதிக்காரங்க கைக்குத்தான் போகும், எங்க கதி என்ன?"ன்னு இவர் தரப்பு எதிர்த்தது. 3,412 பேர் கையெழுத்து, 112 அடி நீள மனு, லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் போனது.

5/ பிறகு ஆப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. அப்போ காந்தி அங்கே வக்கீல். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவர் இவர்தான் என்பார்கள்.

6/ 1921ல் ஊர் திரும்பினார். 1923ல் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினர். 60 வயசைத் தாண்டியவர் சும்மா உட்காரலை. 1924ல் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடை கூடாது. நிறைவேறியது. 1925ல் அரசிதழிலும் வந்தது.

7/ டாக்டரா நான் இதை எப்படிப் பார்க்கிறேன் தெரியுமா? காலரா தண்ணீர் வழியாப் பரவுதுன்னு 1854லேயே லண்டனில் ஜான் ஸ்நோ காட்டிட்டார். ஆனா நல்ல கிணறு எதுன்னு மருத்துவம் சொல்லிடலாம். அதுல யார் வாளி விடலாம்னு சாதிதானே முடிவு பண்ணுச்சு? குட்டையில தண்ணி எடுக்கிறவங்ககிட்ட "காய்ச்சிக் குடிங்க"ன்னு சொல்றது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதிக்குச் சட்டசபையில ஆள் வேணும்.

8/ தீர்மானம் போட்டதும் எல்லாக் கிணறும் திறந்துச்சான்னா, இல்லை. பம்பாய் சட்டசபையும் 1923லேயே இப்படி ஒண்ணு போட்டது. ஆனா 1927ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தன் மக்களோடு இறங்கித் தண்ணி குடிச்சப்போ அடிதடி நடந்தது. 1930ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதிகளாகப் போனவங்க இந்த ரெண்டு பேரும்தான்.

9/ சீனிவாசன் 1945ல் காலமானார். அஞ்சு வருஷம் கழிச்சு, 1950ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் 15ஆம் பிரிவைப் பாருங்க. கிணறு, குளம், சாலை, பொது இடம்... கிட்டத்தட்ட அதே பட்டியல்!

10/ கணக்கர், பத்திரிகையாசிரியர், மொழிபெயர்ப்பாளர், சட்டசபை உறுப்பினர். வேலைதான் மாறுச்சு, கேட்ட கேள்வி மாறலை.

கிண்டி காந்தி மண்டப வளாகத்துல அவருக்கு நினைவிடம் இருக்கு. பிள்ளைகளோட அந்தப் பக்கம் போனா ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு, இந்தக் கிணத்துக் கதையைச் சொல்லுங்க.