பின் சீட்டில் இருந்து பார்த்தால்

ஓய்வு பெற்றவர்கள் இப்போது புதிதாக ஒரு காரியம் செய்கிறார்கள். இருபது வருடம் ஓட்டிய நூறு சி.சி. வண்டியை மகனிடமோ தோட்டத்து ஆளிடமோ தள்ளிவிட்டு, பெரிய வண்டி வாங்குகிறார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "வீட்டில கூட்டிக்கிட்டு நாலு கோயில் குளம் போய் வரணும்." அதன் பிறகு பேச்சு முழுவதும் எத்தனை சி.சி., லிட்டருக்கு எவ்வளவு ஓடும், ஆன்ரோடு விலை என்ன என்றே போகும். பின்னால் உட்காரப்போகிற அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பல பேர் அவரை ஷோரூமுக்கே கூட்டிப்போவதில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. நம் ஊருக்கு வந்த வண்டிகளின் வரலாற்றைப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

சைக்கிளில் இருந்தே தொடங்கலாம். இரண்டும் ஒன்றாகத் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம். சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும், ராத்திரி விளக்கில்லாமல் போனாலும் பிடிக்கும். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பயம் மறந்திருக்காது. ஸ்டேஷன் தெரு வருவதற்கு முன்பே பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வார். கேரியர் என்பது இரும்புக் கம்பி. அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டால் அதுதான் சீட். அந்தக் கம்பியில் உட்கார்ந்து பிரசவத்துக்குப் போனவர்களும் உண்டு.

பிறகு வந்தது புல்லட். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். பட்டாளத்துக்கு வேண்டிய வண்டி என்பதுதான் அதற்கு அடிப்படை. திருவொற்றியூரில் உருவான அந்த வண்டி நம் பக்கம் போலீஸ்காரர், பண்ணையார், கான்ட்ராக்டர் என்று சிலரிடம்தான் இருந்தது. சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம். அந்த வண்டியில் பின்னால் உட்காருபவருக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்தை நேராகச் சட்டத்தில் முடுக்கியிருப்பார்கள், ஸ்பிரிங் கிடையாது. முன்னால் இருப்பவர் ஸ்பிரிங் வைத்த சீட்டில் தப்பித்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்குப் போகும். 1948-49-இல் வந்த புல்லட்டில் பின் சக்கரம் ஏறி இறங்க ஷாக் அப்சார்பர் வைத்தார்கள். அன்றைக்கு அது புதுமை. புல்லட்டின் பெருமை பேசுகிறவர்கள் சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இதைப் பற்றி அல்ல.

இந்த ஷாக் அப்சார்பர் இல்லாத காலத்தில் இரண்டு பேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1933-இல் மாக்ஸ் ரைஷ் என்ற ஆஸ்திரியர் வியன்னாவில் இருந்து ஒரு 250 சி.சி. பூக் வண்டியில் இந்தியாவுக்குக் கிளம்பினார். பின் சீட்டில் ஹெர்பர்ட் டிக்கி என்ற மாணவர், வயது இருபத்தொன்று. துருக்கி, சிரியா, ஈராக், பாரசீகம், பலுசிஸ்தான் என்று பாலைவனமும் கல்லுமாகச் சுமார் 13,000 கிலோமீட்டர் கடந்து பம்பாய் வந்து சேர்ந்தார்கள். ஐரோப்பாவில் இருந்து தரைவழியாக மோட்டார் சைக்கிளில் இந்தியா வந்தவர்களில் இவர்கள்தான் முதல் என்கிறார்கள். புத்தகம் எழுதியவர் ரைஷ், பெயர் வாங்கியவர் ரைஷ். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வந்த டிக்கி என்ன ஆனார்? நிலவியல் படித்தார். 1954-இல் உலகின் ஆறாவது உயரமான சோ ஓயு சிகரத்தில் முதன்முதலாக ஏறிய மூவரில் ஒருவர் அவர். பாலைவனத்தில் பின் சீட்டைத் தாங்கியவருக்கு இமயமலை பெரிதாகத் தெரிந்திருக்காது என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

ஆனால் டிக்கி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தவர். நம் வீட்டுப் பெண்கள் அப்படி உட்காரவில்லை.

பில்லியன் என்ற சொல்லே குதிரைக் காலத்தது. குதிரைச் சேணத்துக்குப் பின்னால் பெண்கள் உட்காரப் போட்ட மெத்தைக்கு அந்தப் பெயர். அதில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார்கள். மோட்டார் சைக்கிள் வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. 1930-இல் இங்கிலாந்தில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தபோது, பின்னால் உட்காருபவர் இருபக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். நம்முடைய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவைப் பாருங்கள். ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் போகலாம், உறுதியாகப் பொருத்திய சீட்டில் உட்கார வேண்டும், தகுந்த பாதுகாப்பு வேண்டும் என்று இருக்கிறது. இருபக்கமும் கால் என்ற நிபந்தனை இல்லை. புடவை கட்டும் நாட்டில் அப்படி எழுதினால் யார் கேட்பார்கள்? அதற்குப் பதில் 1989 விதிகளில் 123-ஆம் விதி வந்தது. பின் சீட் இருந்தால் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட் ரெஸ்ட் வேண்டும், துணி சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். நாம் சாரி கார்டு என்று சொல்வது அதுதான். நம் ஊர் இளைஞர்கள் வண்டி வாங்கிய மறுநாளே ஸ்டைல் போய்விடுகிறது என்று கழற்றி எறிவதும் அதைத்தான். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றி உயிர் போன செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்தத் தகரத்துக்கு என்ன விலை இருக்கும் என்று தோன்றும்.

எழுபதுகளில் ஸ்கூட்டர் வந்தது. பஜாஜ் சேட்டக் 1972-இல் வந்தபோது புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பின்னால் இருப்பவருக்கு அது நல்ல வண்டிதான், சக்கரம் உள்ளே மூடியிருக்கும். எஸ்டி, ராஜ்தூத் எல்லாம் வந்தன, போயின. நம் பக்கத்தைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 1980-இல் வந்த டி.வி.எஸ். 50. அதற்கு முன் மொபெட் என்றால் ஓட்டுபவருக்கு மட்டும்தான். இரண்டு பேர் போகலாம் என்று நம் நாட்டில் வந்த முதல் மொபெட் அது. பெரம்பலூர் பக்கம் அந்தப் பின் சீட்டில் முதலில் ஏறியது மனைவி இல்லை, சின்ன வெங்காய மூட்டை. மூட்டை இறங்கிய பிறகு அதே இடத்தில் அம்மாள் ஏறுவார், மடியில் ஒரு பிள்ளை, முன்னால் ஒரு பிள்ளை.

1984, 85-இல் ஜப்பான் கூட்டில் நூறு சி.சி. வண்டிகள் இறங்கின. இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா. பெட்ரோல் மிச்சமானது உண்மை. சம்பளக்காரக் குடும்பங்களை அவைதான் கரையேற்றின. ஆனால் வண்டியின் எடை நூற்றுப் பத்து கிலோ பக்கம். அதில் இரண்டு பெரியவர்கள் ஏறினால் சுமை வண்டியையே மிஞ்சிவிடுகிறது. முன்னால் சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆடும். வேகத்தடையில் பின்பக்கம் தட்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னும் மோசம். பந்தய வண்டி மாதிரி வேண்டும் என்று பின் சீட்டைக் குறுக்கி, உயர்த்தி, முன்பக்கம் சரிய வைத்தார்கள். கிளையில் உட்கார்ந்த குருவி மாதிரி இருக்கும்.

வெளிநாட்டில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே கார் எல்லோரிடமும் இருந்ததால், மோட்டார் சைக்கிளில் தம்பதியாக நீண்ட தூரம் போகிறவர்கள் விருப்பத்துக்காகப் போனார்கள். பின்னால் இருப்பவர் "நான் வரவில்லை" என்றால் வண்டி விற்காது. ஹோண்டா 1974-இல் காட்டிய கோல்டு விங், 1980-இல் காற்றுத் தடுப்பும் பெட்டிகளும் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. பின் சீட் கிட்டத்தட்ட சோபா. 1988-இல் ஆறு சிலிண்டரும் பின்னால் நகர ஒரு ரிவர்ஸ் வசதியும் சேர்ந்தன. டூரிங் வண்டி என்று சொல்வது இந்த வகையைத்தான்.

நமக்கு அது எட்டாத விலை. நம் அளவுக்குச் சுருங்கி வந்தது 2002-இல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு. 2005-இல் பஜாஜ் அவெஞ்சர். 2020-இல் மீட்டியார் 350. இந்தக் கடைசி வண்டியின் கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1400 மில்லிமீட்டர், எடை 191 கிலோ, ஓட்டுபவர் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். நூறு சி.சி. ஸ்பிளெண்டரில் சக்கர இடைவெளி 1236. இந்த முக்கால் சாண் அளவில்தான் பின்னால் இருப்பவருக்கு இடம் கிடைக்கிறது, முன் சக்கரமும் தரையை விடாமல் பிடிக்கிறது. பின் ஸ்பிரிங்கை ஆள் ஏறினால் இறுக்கிக்கொள்ள ஆறு படி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை வாங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைத் தொட்டதே இல்லை. 125 சி.சி.க்கு மேல் என்றால் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். சுண்ணாம்புக்கல் லாரி குறுக்கே திரும்பும் அரியலூர் சாலையில் அதன் அருமை தெரியும்.

இங்கேதான் நம் வீட்டுப் பிரச்சினை வருகிறது. இந்த வண்டிகள் இருபக்கமும் கால் போட்டு உட்காருபவருக்காகச் செய்தவை. ஒருபக்கமாக உட்கார்ந்தால் முதுகுக்கு வைத்த பேக் ரெஸ்ட் விலாவில் இடிக்கும். சடக்கென்று பிரேக் போட்டால் முழங்காலால் இறுக்கிக்கொள்ள வழியில்லை, ஒரு கை மட்டுமே துணை. ஓட்டுபவரும் எடையைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் சாய்ந்தபடியே ஓட்ட வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்குச் சரி, நூறு கிலோமீட்டருக்கு இடுப்பு போய்விடும். ஆக, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண்மணிக்கு வண்டி மாற்றம் என்பது உடை மாற்றமும்தான். இதைப் பேசாமல் வண்டி வாங்கியவர்கள் வீட்டில் வண்டி நிற்கிறது, அம்மாள் பஸ்ஸில் போகிறார்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது, "ஏங்க, இந்த வயசுல சுடிதாரா, தெருவுல என்ன சொல்லுவாங்க" என்றுதான் முதலில் கேட்டார்கள். மகள்தான் இரண்டு எடுத்துக்கொடுத்தாள். தெருவில் இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா எந்தக் கடையில் தைத்தது என்று விசாரித்தார். ஷோரூமில் மூன்று வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் எட்டாத ஒன்றையும் முட்டி மடங்கிய ஒன்றையும் அவர்களே தள்ளிவிட்டார்கள். விற்பனைப் பையனுக்கு அது புதிய அனுபவம் போலிருந்தது. என்னிடமே திரும்பித் திரும்பி மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லோருக்கும் இந்த வண்டி வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெரம்பலூரில் இருந்து சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் திங்கள், வெள்ளியில் பார்த்துவர ஸ்கூட்டரே தாராளம். 191 கிலோ வண்டி சரிவான இடத்தில் சாய்ந்தால் அறுபது வயதில் தனியாளாக நிமிர்த்துவது லேசில்லை. கால் தரையில் முழுசாக ஊன்றாதவர்கள் ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. ஆனால் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்வர நூற்றைம்பது கிலோமீட்டர் ஆகிறதே, அந்த மாதிரித் தூரத்தில்தான் இந்த வண்டியின் பலன் தெரியும். சாத்தனூர்க் கல்மரம், மேலப்பழுவூர், ஏலாக்குறிச்சி மாதா கோயில் என்று ஒரே நாளில் இரண்டு மூன்றைச் சேர்க்கலாம்.

இருவரும் ஹெல்மெட் போடுங்கள். பின்னால் இருப்பவருக்கும் வேண்டும் என்று 2015 ஜூலை முதல் தேதி தொடங்கி நம் மாநிலத்தில் கெடுபிடி செய்தார்கள், இன்னும் பாதிப் பேர் கையில் மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள். ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி "ஏறலாம்" என்று சொன்ன பிறகே பின்னால் ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. டயர் காற்று இரண்டு பேருக்கு வேறு அளவு, வண்டியோடு தரும் புத்தகத்தில் போட்டிருக்கும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துங்கள், எங்கே நிறுத்துவது என்பதைப் பின்னால் இருப்பவர் சொல்லட்டும். டிசம்பர், ஜனவரி என்றால் கரைவெட்டி ஏரிக்குப் போகலாம், 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு நிறையப் பேர் வருகிறார்கள். ஏரிக்கரை மண் பாதையில் மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் நடந்தே போங்கள். வண்டிச் சத்தத்துக்குப் பறவை பறந்துவிடும்.