மணியோசை கேட்டுக் கூடிய சிறுவர்

பாரிஸ் நகரில் மெய்யியல் கற்பித்த புனித சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இருமொழியும் அறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். அவர்கள் கற்றதைப் பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பித்தனர். நோயாளர் இல்லங்களுக்குத் தாம் செல்ல இயலாதபோது அச்சிறுவரையே செபிக்க அனுப்பினார்.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு வரைந்த மடலில் இவற்றை அவரே கூறுகிறார். சிலைகளை உடைக்க அச்சிறுவரை அழைத்துச் சென்றதையும் அதிலேயே எழுதுகிறார். அது இன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. மொழியறியா ஆசிரியருக்கு மாணவரே நாவும் காலும் ஆயினர். அவர்தம் ஆர்வம் சென்ற வழிக்கோ ஆசிரியரே பொறுப்பு.