தோர்ணக்கல் சென்ற தமிழர்

இறைவனின் அழைப்பைப் பெற்றோரின் வரலாறுகள் திருமறையில் பல உள. அவற்றுள் தலையாயது ஆபிரகாமின் வரலாறு. போய்ச் சேரும் இடம் இன்னதென்று அறியாமலே அவர் புறப்பட்டார். இடத்தை அறிந்தபின் புறப்படுவதற்கு விசுவாசம் தேவையில்லை. புறப்படாத விசுவாசத்தால் பயனுமில்லை. பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து வாழும் நாம், அழைப்பின் பொருட்டு ஊர் துறந்த தமிழர் ஒருவரை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் குருவானவர் ஒருவரின் மகனாக அசரியா பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் தொண்டாற்றினார். 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். பிற நாட்டாரின் கொடையால் வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபை இன்னும் பெற்றுக்கொண்டே இருப்பதா, கொடுக்கவும் வேண்டாமா என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன் விளைவாக 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1905இல் சேராம்பூரில் உருவான தேசிய மிஷனரி சங்கத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

திருநெல்வேலிச் சங்கம் தன் பணிக்களமாக நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லைத் தேர்ந்தது. தெலுங்கு வழங்கும் நிலம் அது. இன்று தெலங்கானாவில் உள்ளது. பிறரைப் போகும்படி தூண்டி வந்த அசரியாவை, ‘நீ ஏன் போகவில்லை?’ என்ற கேள்வி தொடர்ந்தது. ஏவுவோர் பலர், ஏகுவோர் சிலர். நாடறிந்த பொறுப்பை விட்டு, 1909இல் குருப்பட்டம் பெற்று, தம் 35ஆம் வயதில் அவரே தோர்ணக்கல் சென்றார். அவருடைய துணைவியார் அன்பு மரியம்மாளும் அப்பணியில் தோள் கொடுத்தார்.

புறப்பட்ட நாளோடு கீழ்ப்படிதல் முடிந்துவிடவில்லை. தமிழில் நாவன்மை பெற்ற ஒருவர், தெலுங்கை அடியிலிருந்து கற்கும் மாணவரானார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஏழை மக்களிடையே அவர் பணி வேரூன்றியது. அம்மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் அவர்களுள்ளிருந்தே போதகர்களும் வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் இந்தியருக்குத் தலைவர்களாயிருப்பதோடு நில்லாமல் நண்பர்களாகவும் ஆகவேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். கேட்டோரில் சிலர் மனம் புண்பட்டனர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. அந்நியமனத்தை ஐரோப்பியர் சிலர் எதிர்த்தது வியப்பன்று. இந்தியக் கிறித்தவர் சிலரும் எதிர்த்தனர். தம்மவரின் ஐயத்தையும் தாங்கிக்கொண்டு பணிசெய்வது, அந்நியரின் பகையைத் தாங்குவதினும் அரிது.

1939இல் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் கோயிற் சிற்பத்தின் தூண்களும் இசுலாமியக் கட்டடக்கலையின் குவிமாடங்களும் கூடி நிற்கின்றன. அந்த மண்ணைச் சேர்ந்ததாகவே அம்மண்ணின் திருச்சபை இருக்கவேண்டும் என்ற அவர் எண்ணம் அங்கே கல்லாயிற்று. திருச்சபைகளின் ஒன்றிப்புக்காக அவர் நெடுங்காலம் உழைத்தார். ஆயினும் 1945 ஜனவரி 1 அன்று மறைந்தமையால், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்ததை அவர் காணவில்லை. காணாத பயனுக்காக விதைப்பதும் விசுவாசமே.

அயல் மண்ணில் தமிழைக் காப்பதற்கென்றே நாம் சங்கம் கூடுகிறோம், அது நற்பணியே. ஆனால் நம் அண்டை வீட்டாரின் மொழியைக் கடையில் பேரம் பேசுவதற்கு மட்டும் கற்றிருக்கிறோமா, அவர் துயரைக் கேட்டு ஆறுதல் கூறவும் கற்றிருக்கிறோமா? நம்மை இவ்வூருக்குக் கொண்டுவந்தது சம்பளமாக இருக்கலாம். இங்கே வந்தபின் நம்மை எதிர்நோக்கும் அழைப்பு வேறு. அதற்கு மறுமொழி சொல்ல நாம் இன்னோர் ஊருக்குப் புறப்பட வேண்டியதில்லை. அடுத்த வீட்டு வாயில்வரை சென்றால் போதும்.